அசலில் கை வைக்காதீர்கள்

சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு விதை போட்டவர் செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டுவிடும் காகிதங்களையும் அவர் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் அதைக் கொண்டே சென்னையில் நூலகம் தொடங்கப்பட்டது. கொட்டகையில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகம் இன்று சினிமா வரலாறு எழுதுகிறவருக்கு ஆதாரம். நாளைக்கு எது தேவைப்படும் என்று இன்றே யாராலும் முடிவுகட்ட முடியாது என்பதை அந்த அலமாரிகள் நமக்குச் சொல்கின்றன. நம் வீட்டுப் புகைப்படங்களிலோ, அந்த முடிவை ஒரே சொடுக்கில் எடுத்துவிடுகிறோம்.

பழைய கல்யாணப் படம் ஒன்றை ஸ்கேன் செய்கிறோம். மஞ்சள் பூத்திருப்பதை வெளுக்க வைக்கிறோம், அரித்த ஓரத்தை வெட்டுகிறோம், அதே கோப்பின்மேல் சேமித்துவிடுகிறோம். வெட்டிய ஓரத்தில் ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அச்சாகியிருந்திருக்கலாம். படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதற்கு வேறு சான்றே இல்லாமலும் இருக்கலாம். வெளிச்சத்தைக் கூட்டுவதில் நேரும் இழப்பு இன்னும் நுட்பமானது. சாதாரண ஜேபெக் படத்தில் ஒளியின் அளவு 0 முதல் 255 வரையான எண்களாகப் பதிவாகிறது. மாப்பிள்ளையின் வேட்டி மடிப்புகள் 242, 247, 251 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிச்சத்தை 15 கூட்டினால் மூன்றும் 255இல் முட்டி நின்றுவிடும். சேமித்தபின் மனம் மாறி 15 குறைத்தால் மூன்றும் 240 ஆகுமே தவிர, மடிப்பு திரும்பி வராது. போதாக்குறைக்கு, ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்தே சேமிக்கிறது. திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது அந்தக் கழிவும் சேர்ந்துகொண்டே போகும்.

படத்தைத் திருத்துவது கணினி கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். சென்னை மாகாண அரசு 1856இல் தன் புகைப்படக்காரராக நியமித்த லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் கோயில்களைக் காகித நெகட்டிவ்களில் படமெடுத்தார். அந்தக் கால ரசாயனம் நீல ஒளிக்கு அளவுக்கு மீறி வினைபுரிந்ததால் வானம் வெறுமையாக விழுந்தது. அவர் நெகட்டிவ்மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். ஆக, அவருடைய சில படங்களில் தெரியும் மேகம் எந்த நாளிலும் அந்த வானத்தில் இருந்ததில்லை. இது இன்று நமக்கு எப்படித் தெரிகிறது? நெகட்டிவ்கள் பிழைத்திருக்கின்றன, காகிதத்தில் தீட்டிய சாயம் கண்ணுக்குத் தெரிகிறது. காகிதத்தில் திருத்தியவர் தடயத்தையும் விட்டுச் சென்றார். கணினிக் கோப்பில் பழைய எண் இருந்த இடத்தில் புதிய எண் உட்கார்ந்துவிட்டால், அடியில் என்ன இருந்தது என்று சுரண்டிப் பார்க்க வழியில்லை.

இதற்கான தீர்வு நம் பதிப்பு மரபிலேயே இருக்கிறது. தரமணிக்குப் பக்கத்தில், பெசன்ட் நகரில், உ.வே. சாமிநாதையர் பெயரில் நூலகம் இருக்கிறது. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஐயருக்குக் கிடைத்த ஏடுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. சரியென்று தமக்குப் பட்ட பாடத்தை மேலே வைத்தார். மற்ற ஏடுகளின் பாடத்தைப் பிரதிபேதமாக அடிக்குறிப்பில் கொடுத்தார். அவர் முடிவை ஏற்காதவரும் வேறு பாடத்தை எடுத்துப் பார்க்கலாம். மைக்ரோபிலிம் எடுப்பவர்களும் இதே வழியில்தான் நடந்தார்கள்: முதல் நெகட்டிவைக் குளிர்ந்த அறையில் பூட்டிவைத்து, அதிலிருந்து எடுத்த பிரதியையே வாசகர் கையில் கொடுத்தார்கள். புகைப்படத்துக்கும் இதுவே போதும். அசல் ஒன்று தொடப்படாமல் இருக்கட்டும். அழகுபடுத்துவதெல்லாம் நகலில் நடக்கட்டும்.

இதற்குச் சில மறுப்புகள் உண்டு. இடம் போதாது என்பது முதலாவது. 2.4 கோடிப் புள்ளிகள் கொண்ட படத்தைச் சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் சுமார் 72 எம்பி ஆகும். குடும்ப ஆல்பத்தின் 500 படங்களுக்கும் 36 ஜிபி. சாதாரண மெமரி கார்டு ஒன்றில் அடங்கும் அளவு அது. செல்போன் கேமராவே படத்தைப் பதப்படுத்தித்தானே தருகிறது, அப்புறம் அசல் ஏது என்பது இரண்டாவது. நியாயமான கேள்வி. கலப்பில்லாத அசல் எங்கும் கிடையாதுதான். புறநானூற்று ஏடுகளும் நகல்களின் நகல்களே. ஆனாலும் கைக்குக் கிடைத்தவற்றில் மூத்தது எதுவோ அதுவே சாட்சி. முன்னால் பலர் கை பட்டிருக்கிறது என்பது, நாமும் தடயமில்லாமல் கை வைப்பதற்கு அனுமதி ஆகாது. கறைபடிந்த படத்தை யார் மாட்டுவார்கள் என்பது மூன்றாவது. மாட்ட வேண்டாம். திருத்திய நகல் சுவருக்கு, கறைபடிந்த அசல் பெட்டிக்கு. இன்றைய மென்பொருளால் மீட்க முடியாத முகத்தை நாளை வரும் மென்பொருள் மீட்கக்கூடும். அதற்கு அந்தக் கறைபடிந்த கோப்புதான் வேண்டியிருக்கும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம், மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது அதன் ஹாஷ் மதிப்பையும் சான்றிதழில் குறிப்பிடச் சொல்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு புள்ளியை மாற்றினாலும் ரேகை மாறிவிடும். நீதிமன்றத்துக்குப் போகாத வீட்டுப் படத்துக்கும் இந்த மரியாதை தகும். ஸ்கேன் செய்தவுடன் அசலைத் தனி ஃபோல்டரில் போட்டு, எழுத முடியாதபடி பூட்டி, வேறொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியதை அசலாகக் கருதாதீர்கள். அது சுருக்கப்பட்டது, படமெடுத்த தேதி முதலான விவரங்கள் உதிர்ந்துபோனது. படத்தைத் திருத்துகிறவருக்கு இன்று தன் மனதில் இருக்கும் கேள்வி மட்டுமே தெரியும். அந்தப் படத்திடம் பேரப்பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர்கள் கேட்கும் நாளில் பதில் சொல்ல அசல் இருக்க வேண்டும்.