நம்பர் மாறாமல் செல்போன் கம்பெனி மாறலாம்: ‘டிராய்’ விதியால் யாருக்கு லாபம்?

சென்னை:
ஆட்டோ டிரைவர், எலக்ட்ரீசியன், கொத்தனார் போன்றவர்களுக்கு செல்போன் நம்பர்தான் முதலீடு. நம்பர் மாறினால் பழைய வாடிக்கையாளர்கள் கை நழுவிப் போவார்கள். இதனால் ஒரு காலத்தில் டவர் கிடைக்காவிட்டாலும், கட்டணம் ஏறினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே கம்பெனியில் கிடந்தார்கள்.

இந்த பிடியை தளர்த்தியது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ‘டிராய்’. நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதி 2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கியது. 2011 ஜனவரி 20-ந்தேதி நாடு முழுவதும் வந்தது. 2015 ஜூலை முதல் வெளிமாநிலம் போனாலும் அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம் என்றானது. வாடிக்கையாளர் ஓடிவிடுவாரோ என்ற பயம் கம்பெனிகளுக்கு வந்தது.

2018 பிப்ரவரியில் தமிழகத்தில் ஏர்செல் சேவை முடங்கியபோதுதான் இதன் அருமை பலருக்கு தெரிந்தது. லட்சக்கணக்கானோர் அதே நம்பருடன் வேறு கம்பெனிக்கு தாவினர்.

மாறுவது எப்படி?

ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று டைப் செய்து, இடைவெளி விட்டு உங்கள் 10 இலக்க நம்பரை சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். 8 எழுத்து கொண்ட கோடு வரும். அது 4 நாள் வரைதான் செல்லும். அதற்குள் அடையாள அட்டையுடன் புதிய கம்பெனி கடைக்கு போக வேண்டும். தமிழகத்துக்குள் மாற 3 வேலை நாள் ஆகும்.

இப்போதைய கம்பெனியில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக்கூடாது. பிரீபெய்டில் மிச்சமுள்ள பேலன்ஸ் கூடவே வராது.

கட்டணம் ஏறுவது ஏன்?

கம்பெனி மாற வழி செய்த டிராய், செல்போன் கட்டணத்தை நிர்ணயிக்கும் வேலையை கம்பெனிகளிடமே விட்டுவிட்டது. போட்டி இருந்தால் விலை தானாக குறையும் என்பதுதான் கணக்கு. ஆனால் பல கம்பெனிகள் மூடப்பட்டும், இணைந்தும் போனதில் தனியாரில் 3 பெரிய கம்பெனிகளே மிஞ்சின. 2024 ஜூலையில் மூன்றுமே கட்டணத்தை உயர்த்தின. உயர்த்தாத பி.எஸ்.என்.எல்.லுக்கு அப்போது பலர் மாறினார்கள்.

இன்டர்நெட் தேவைப்படாதவர்களுக்காக, பேச்சும் எஸ்.எம்.எஸ்.சும் மட்டும் உள்ள ரீசார்ஜை கம்பெனிகள் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. கடைக்காரர் தானாக சொல்ல மாட்டார், நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனி மாறும் முன்பு, உங்கள் தெருவில் எந்த டவர் நன்றாக எடுக்கிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்வதும் நல்லது.