பழைய மோட்டார் வண்டிகளில் இலத்திரனியல் எரிபற்றல்: கமக்காரர் அறிய வேண்டியவை

மரக்கறிப் பயிர்கள் எவ்வளவு செழித்து விளைந்தாலும், அவை நேரத்தோடு சந்தையை அடைந்தாற்றான் கமக்காரருக்குப் பயன் உண்டு. சுன்னாகம், மருதனார்மடம், கொடிகாமம் முதலிய சந்தைகளுக்குக் கத்தரிக்காயும் கீரையும் ஏற்றிச் செல்லும் வண்டி இடைவழியில் நின்றுவிடுமாயின், அன்றைய விலை கைதவறிப் போகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானிய மோட்டார் வண்டிகள் இன்றும் சில வீடுகளிற் பேணப்பட்டு வருகின்றன. 1948 முதல் 1971 வரை உற்பத்தி செய்யப்பட்ட மொறிஸ் மைனர் வண்டிகளுள் மிக இளையதும் இன்று அரை நூற்றாண்டைக் கடந்ததாகும். ஆயினும், 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் இடமளிக்கப்படும் வரை, இத்தகைய வண்டிகளின் அருமை பலராலும் உணரப்பட்டது.

இவ்வண்டிகள் வழியில் நிற்பதற்கு அடிக்கடி காரணமாவது பொயின்ற் எனப்படும் சிறிய தொடுகையே. அதனை அகற்றி இலத்திரனியற் கருவி பொருத்துதல் பற்றியும், அதனால் வரும் நன்மை தீமைகள் பற்றியும் இப்பிரசுரம் விளக்குகின்றது. டீசலில் ஓடும் உழவு இயந்திரங்களில் எரிபற்றற் பொறி இல்லாமையால், இது அவற்றுக்குப் பொருந்தாது.

பொயின்ற் தொழிற்படும் முறை

பற்றரியின் 12 வோல்ற்று மின் கொயிலின் ஊடாகவும் பொயின்றின் ஊடாகவும் வண்டியின் உடலை அடைகின்றது. பொயின்ற் மூடியிருக்கும் பொழுது ஏறத்தாழ 3 முதல் 4 அம்பியர் மின்னோட்டம் கொயிலிற் பாய்கின்றது. டிஸ்ரிபியூற்றரின் நடு அச்சிலுள்ள நான்கு முனைகளுள் ஒன்று பொயின்றைத் தள்ளித் திறந்தவுடன் அவ்வோட்டம் அறுபடுகின்றது. அக்கணமே கொயிலிற் பல ஆயிரம் வோல்ற்று அழுத்தம் பிறந்து, றோட்டர் வழியாகப் பிளக்கினை அடைந்து, பொறியாகப் பாய்கின்றது. பொயின்றின் முகம் எரியாமற் காப்பதும், ஓட்டத்தைச் சடுதியாக அறுக்க உதவுவதும் கொண்டென்சரின் வேலையாகும்.

அமெரிக்கப் பொறியியலாளர் சாள்ஸ் கெற்றறிங் வகுத்த இம்முறை 1910ஆம் ஆண்டளவிற் கடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. அதன் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் பெரும்பாலான பெற்றோல் வண்டிகள் இம்முறையிலேயே ஓடின. எனவே இது குறையுள்ள முறை அன்று. இடையறாத பராமரிப்பை வேண்டும் முறை என்பதே பொருந்தும்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 3000 தடவை சுழலும் பொழுது, பொயின்ற் செக்கனுக்கு 100 தடவை திறந்து மூடுகின்றது. இதனால் இருவகைத் தேய்வு ஏற்படுகின்றது. முதலாவது, தொடுமுகங்கள் எரிந்து ஒன்றிற் குழியும் மற்றதில் மேடும் உண்டாதல். இரண்டாவது, சுழலும் அச்சின்மீது உராயும் குதிப்பகுதி தேய்தல். குதி தேயத் தேயப் பொயின்றின் இடைவெளி குறுகும், அது பிந்தித் திறக்கும், பொறியும் பிந்தும். பொறி பிந்திய எஞ்சின் வலுக் குன்றி, மிகையாகச் சூடேறி, வீணாக எரிபொருளை உண்ணும். இம்மாற்றம் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நிகழ்வதால், வண்டி ஓட்டுபவர் அதனை எளிதில் உணர்வதில்லை.

இலத்திரனியற் கருவிகளின் வகைகள்

இக்கருவிகள் இருவகைப்படும்.

முதலாம் வகையிற் பொயின்றும் கொண்டென்சரும் முற்றாக அகற்றப்படுகின்றன. நடு அச்சில் நான்கு காந்தங்கள் பதித்த வளையம் ஒன்று செருகப்படும். அதன் அருகே அடித்தட்டில் ஓர் உணர்கருவி பொருத்தப்படும். காந்தம் கடந்து செல்வதை உணர்கருவி அறிந்து, தன்னுள்ளிருக்கும் திரான்சிஸ்ரர் மூலம் கொயிலின் ஓட்டத்தை அறுக்கும். ஒன்றோடொன்று உராயும் பகுதி இன்மையால் இங்கே தேய்வு இல்லை.

இரண்டாம் வகையிற் பொயின்ற் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் கொயிலின் முழு ஓட்டத்தையும் அது தாங்குவதில்லை. மிகச் சிறிய ஓட்டமே அதனூடு செல்லும். பாரத்தைத் திரான்சிஸ்ரர் ஏற்றுக்கொள்ளும். ஆகையாற் தொடுமுகங்கள் எரிவதில்லை. குதி மாத்திரமே தேயும். இவ்வகைக் கருவி பழுதுபட்டால், இரண்டொரு கம்பிகளை மாற்றிப் பழைய முறைக்கே திரும்பலாம்.

வாங்குமுன் பரிசோதிக்க வேண்டியவை

1. பற்றரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டுள்ளது என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும். மொறிஸ் மைனரும் அக்கால ஒஸ்ரின் வண்டிகளும் நேர்முனை உடலோடு இணைந்தவையாகவே தொழிற்சாலையிலிருந்து வந்தன. பின்னர் பல வண்டிகள் மறைமுனைக்கு மாற்றப்பட்டுள்ளன. ஆதலால் நூலைப் பார்த்துத் தீர்மானியாது, வண்டியையே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். மறைமுனைக்கென ஆக்கிய கருவியை நேர்முனை வண்டியிற் பூட்டினால், சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் அது எரிந்துபோகலாம். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு தவற்றினாலேயே.

2. டிஸ்ரிபியூற்றரின் நடு அச்சைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கவும். ஆட்டம் மிகுதியாயின் முதலில் அதனைத் திருத்துவிக்க வேண்டும். மூடியில் வெடிப்பு, றோட்டரிற் கரிக்கோடு ஆகியன உளவோ எனவும் பார்க்கவும்.

3. கொயிலின் தடையை அளப்பிக்கவும். சாதாரண 12 வோல்ற்றுக் கொயில் ஏறத்தாழ 3 ஓம் தடை உடையது. அதனிலும் மிகக் குறைந்த தடையுள்ள கொயில், அதற்கென வகுக்கப்படாத கருவியைச் சூடேற்றிக் கெடுக்கும்.

4. பிளக்குகளுக்குச் செல்லும் வயர்கள் வெறும் செம்புக் கம்பியாயின், கருவியுடன் வந்த அறிவுறுத்தலை வாசித்து, வேண்டுமாயின் தடையுள்ள வயர்களை இடவும்.

5. பற்றரியும் டைனமோவும் நன்னிலையில் இருத்தல் வேண்டும். பற்றரி தளர்ந்த வேளையிற் பொயின்ற் மங்கலான பொறியையேனும் தரும். எஞ்சினைக் கைபிடியாற் சுழற்றியோ வண்டியைத் தள்ளியோ இயக்கலாம். இலத்திரனியற் கருவியோ, அழுத்தம் தன் எல்லைக்குக் கீழே இறங்கின் முற்றாக ஓய்ந்துவிடும்.

பொருத்தும் முறை

சாவியை நிறுத்தி, பற்றரியின் உடல் இணைப்பைக் கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். டிஸ்ரிபியூற்றரை எஞ்சினிலிருந்து வெளியே எடுக்க வேண்டியதில்லை. மூடியையும் றோட்டரையும் அகற்றி, எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்க. பொயின்றையும் கொண்டென்சரையும் கழற்றி, திருகாணிகள் உள்ளே விழாமற் காத்துக்கொள்க.

பின்னர் அடித்தட்டை எண்ணெயின்றித் துடைக்கவும். அசையும் தட்டையும் டிஸ்ரிபியூற்றரின் உடலையும் இணைக்கும் சிறிய கம்பி ஒன்று அங்கே உண்டு. பழைய வண்டிகளில் அது அறுந்தோ, அறும் நிலையிலோ இருத்தல் இயல்பு. அதனைப் புதுப்பியாது கருவியைப் பூட்டினால், எஞ்சின் சிலவேளை இயங்கியும் சிலவேளை நின்றும் தொல்லை தரும்.

உணர்கருவியைப் பூட்டி, காந்த வளையத்தை அச்சில் நன்றாக அழுத்திப் பொருத்துக. இரண்டிற்கும் இடையேயுள்ள வெளியை அறிவுறுத்தலின்படி அமைக்கவும். கருவியின் கம்பிகளைக் கொயிலின் முனைகளோடு இணைக்கும் முறை நேர்முனை வண்டிக்கும் மறைமுனை வண்டிக்கும் வேறுபடும். ஆதலின் உரிய படத்தை இருமுறை ஒப்பிட்டுப் பார்க்கவும். கம்பிகள் அச்சிலோ மூடியிலோ உராயாதவாறு கட்டிவிடவும்.

இறுதியாகப் பொறி நேரத்தைப் புதிதாக அமைத்தல் இன்றியமையாதது. கருவி அறுக்கும் கணமும் பழைய பொயின்ற் திறந்த கணமும் ஒன்றாக இரா. 1990ஆம் ஆண்டின் பின்னர் பெற்றோல் கிடைத்தற்கரிதாய் இருந்த காலத்திற் குடாநாட்டின் வண்டிகள் பல மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் தட்டாமல் இருக்கும்பொருட்டு அக்காலத்திற் பொறி நேரம் பின்தள்ளப்பட்ட வண்டி இன்று பெற்றோலில் ஓடுமாயின், அதனை உரிய நிலைக்குக் கொண்டுவருதற்கு இதுவே தருணம். பொறிவிளக்குடைய கராச் ஒன்றில் இதனைச் செய்வித்தல் நன்று.

பாதுகாப்பு

எஞ்சின் ஓடாதிருக்கும் பொழுது சாவியைத் திறந்தபடி விடலாகாது. கொயிலும் கருவியும் சூடேறும். எஞ்சின் ஓடும் பொழுது பற்றரியைக் கழற்றலாகாது. வண்டியில் மின்னொட்டு வேலை செய்விக்குமுன் பற்றரியையும் கருவியையும் விடுவிக்கவும். பொறியைச் சோதிக்கும் பொழுது பிளக்கினை எஞ்சின் உடலோடு சேர்த்து வைத்தே சோதிக்க வேண்டும். வயரை வெறுமனே தொங்கவிடலாகாது.

நீரிறைக்கும் இயந்திரங்கள்

பழைய மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரங்களிலும் பொயின்ற் உண்டு. ஆயினும் அவற்றிற் பற்றரி இல்லை. பறக்கும் சில்லிலுள்ள காந்தமே மின்னைப் பிறப்பிக்கின்றது. ஆகையால் மோட்டார் வண்டிக்குரிய கருவி அவற்றுக்கு உதவாது. அவற்றுக்கென ஆக்கப்பட்ட வேறு கருவியையே நாடல் வேண்டும்.

மாற்றுவதா, விடுவதா?

இலத்திரனியற் கருவி எஞ்சினுக்குப் புதிய வலுவைத் தருவதன்று. தேய்ந்த பிஸ்ரன் வளையங்களையும் பழுதுற்ற காபரேற்றரையும் அது திருத்தாது. முன்னர் இருந்த நல்ல நிலை மாறாமற் காப்பதே அதன் பயனாகும். நாள்தோறும் சந்தைக்கு ஓடும் வண்டிக்கு இப்பயன் பெரிது. மாதம் ஓரிரு முறை மாத்திரம் ஓடும் வண்டிக்குப் பொயின்றே போதுமானது. ஏறத்தாழ ஒவ்வொரு 5000 கிலோமீற்றருக்கும் அதன் முகத்தைத் துப்புரவாக்கி, இடைவெளியை வண்டியின் கைந்நூலிற் கூறியவாறு அமைத்து, குதிக்குச் சிறிதளவு கிறீஸ் இட்டால் அது நெடுங்காலம் உழைக்கும். மொறிஸ் மைனர் 1000 போன்ற வண்டிகளில் இவ்விடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரையாகும்.

மாற்றியமைத்தவர்கள் ஒன்றை மறக்கலாகாது. பொயின்ற் தேயும் பொழுது முன்னறிகுறி காட்டும். பாதையோரத்தில் உரைதாளாற் தேய்த்தும் ஓரளவு சீர்செய்யலாம். இலத்திரனியற் கருவி பழுதுற்றால் பெரும்பாலும் அறிகுறி காட்டாது நின்றுவிடும். அதனைப் பாதையிற் திருத்தவும் இயலாது. ஆகவே கழற்றிய பொயின்றும் கொண்டென்சரும் நல்லனவாயின், அவற்றை எண்ணெய்த் தாளிற் சுற்றி, ஒரு திருகாணிச் செலுத்தியோடும் இடைவெளி பார்க்கும் தகட்டோடும் வண்டியிலேயே வைத்திருக்கவும். அவற்றை மீண்டும் பூட்டும் முறையை ஓய்வான நாளொன்றில் வீட்டு முற்றத்திற் பழகிக்கொள்வாராயின், விளைபொருளோடு வழியில் நிற்க நேரினும் கமக்காரர் அன்றைய சந்தையைத் தவறவிடார்.