மடிக்கணினியில் கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா?

பீன்யாத் தொழிற்கூடங்களில் பணிபுரியும் நம் தமிழ்த் தோழர்களும் சரி, நம் விடுதி மாணவர்களும் சரி, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மடிக்கணினிகளையே நாடுகின்றனர். விலை குறைவு; உறுதியும் உண்டு. ஆனால் முப்பரிமாண வரைபடத்தைத் திறந்தால் திணறுகிறது. "கார்டை மாற்றிவிடலாம்" என்று யாரோ சொல்ல, மெட்ரோ ஏறிச் சிக்கப்பேட்டையில் இறங்கி எஸ்.பி. சாலைக்கு விரைகின்றனர். புறப்படுமுன் என்னிடம் கேட்போரும் உளர்.

அவர்களுக்கு நான் கூறும் விடை இது: பெரும்பாலும் இயலாது.

ஏன்? மேசைக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு தனிப் பலகை, கழற்றலாம், செருகலாம். அலுவலக மடிக்கணினியிலோ அப்பகுதி பிராசசரின் உள்ளேயே அடங்கியிருக்கும். அன்றேல் மதர்போர்டுடன் பற்றவைக்கப்பட்டிருக்கும்.

விதிவிலக்கும் உண்டு. என்விடியா நிறுவனம் 2004இல் எம்.எக்ஸ்.எம். என்னும் கழற்றத்தக்க கார்டு முறையை வகுத்தது. 2012இல் வந்த டெல் பிரிசிஷன் எம்6700 அவ்வகையைச் சேர்ந்தது. அதன் அடாப்டர் 240 வாட். சாதாரண அலுவலக மடிக்கணினிக்கோ 65 வாட் அளவே. லேத்தில் பெரிய மோட்டாரைப் பொருத்தினால் மட்டும் போதுமா? வயர் தாங்க வேண்டும். பெல்ட் தாங்க வேண்டும். பீன்யாத் தோழருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கும் அப்படியே: மின்சாரம் போதவேண்டும், விசிறி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும், பயாஸ் புதிய கார்டை ஏற்கவேண்டும்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. பிராசசருக்குள் அடங்கிய கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை. கணினியின் ராமையே அது பகிர்ந்துகொள்கிறது. 2018இல் வந்த திங்க்பேட் டி480இல் ராமுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று காலியாக இருந்தால் இணையான மற்றொன்றைச் செருகுங்கள். தரவு செல்லும் பாதை இரட்டிப்பாகும். படம் வரையும் வேகமும் ஓரளவு கூடும். செலவும் சிறிது.

தண்டர்போல்ட் 3 வாயில் இருப்பின், வெளியே பெட்டியில் கார்டை வைத்தும் இணைக்கலாம். ஆயினும் மேசைக் கணினியில் 16 தடங்களில் ஓடும் தரவு, இங்கு 4 தடங்களில்தான் ஓடும். பெட்டிக்கும் கார்டுக்கும் ஆகும் பணத்தில் பழைய மேசைக் கணினி ஒன்றே கிடைக்கக்கூடும்.

தோழர்களே! உதவித்தொகையில் மிச்சம் பிடித்த காசு. ஓவர்டைம் செய்து சேர்த்த காசு. வாங்குமுன் மாடல் எண்ணைக் கேளுங்கள். கார்டு கழற்றத்தக்கதா, பற்றவைத்ததா என்று பாருங்கள். பின்னரே பணப்பையைத் திறவுங்கள்.