ஐதராபாத்தில் வாய்ப்பூட்டு

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர் இல்லங்களில் வழிவழியாக வழங்கிவரும் புத்திமதி ஒன்று உண்டு. "வந்த இடத்தில் நமக்கு எதற்கு வம்பு? காதில் விழுந்ததைக் காதோடு விட்டுவிடு" என்பதே அது. பட்டாளத்துடனும் ரயில்வேயுடனும் செகந்தராபாத்துக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட நம்மவர் குடும்பங்களிலும் இதைக் கேளாத பிள்ளைகள் இல்லை. இதைச் சரியென்றோ தவறென்றோ தீர்ப்புக் கூறுமுன், பேசியதற்கும் பேசாமலிருந்ததற்கும் இந்நகரம் என்ன விலை கொடுத்தது என்பதை அறிந்துகொள்வது நலம்.

வாய்ப்பூட்டு என்றவுடன் சட்டமும் சிறைச்சாலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை கண்ணுக்குத் தெரியும் பூட்டுகள். உத்தியோகம் போய்விடுமே என்னும் அச்சம், உறவினர் முகத்தைத் திருப்பிக்கொள்வரே என்னும் கூச்சம், 'நம்மவனே இப்படிப் பேசலாமா' என்னும் ஏச்சு ஆகியவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால் அவற்றுக்குத் திறவுகோல் கிடைப்பது மிக அரிது. நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில் இவ்விரு வகைப் பூட்டுகளும் இருந்தன.

1883-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைப் பார்ப்போம். சாந்தா ரயில் பாதைத் திட்டம் என்ற ஒன்றை அரசாங்கம் அப்பொழுது மேற்கொண்டிருந்தது. அதன் விவரங்களைப் பொதுமக்கள் அறியும்படி வெளியிட வேண்டும் என்று கேட்டவர்களுள் அகோரநாத் சட்டோபாத்யாயர் ஒருவர். கல்வித்துறையில் பெரும் பெயர் பெற்றவர். கவியரசி சரோஜினி தேவியாரின் தந்தை. அவர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை, சமஸ்தானத்திலிருந்து வெளியேற்றம்! பிற்பாடு அவர் திரும்பி வர அனுமதிக்கப்பட்டார். ஆயினும் கணக்குக் கேட்டவனுக்கு என்ன நேரும் என்பதை ஊரார் தெரிந்துகொண்டுவிட்டனர். ஒருவரைத் தண்டித்து ஓராயிரம் பேரை அடக்கும் முறை இதுதான்.

பின்னர் வந்தது 'கஷ்தி 53'. கஷ்தி என்பது உருதுவில் சுற்றறிக்கையைக் குறிக்கும். பொதுக்கூட்டம் நடத்த விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும் என்பது இதன் சாரம். இதன் விளைவாக, கல்வி என்றும், நூலகம் என்றும், சமூகச் சீர்திருத்தம் என்றும் பெயர் சூட்டிக்கொண்டே மக்கள் கூட வேண்டியதாயிற்று. அரசியல் மாநாடு என்றால் எல்லைக்கு அப்பால் செல்ல வேண்டும். ஐதராபாத் மக்களின் அரசியல் மாநாடுகள் 1923-ல் காக்கிநாடாவிலும், 1926-ல் பம்பாயிலும், 1928-ல் புனாவிலும், 1931-ல் அகோலாவிலும் நடைபெற்றன. தம் ஊரின் குறையைச் சொல்ல ரயிலேறி அயலூர் போன மக்கள்! தமிழராகிய நமக்கு இது முற்றிலும் புதிய கதையன்று. 'இந்தியா' பத்திரிகையை நடத்துவதற்காகப் பாரதியார் 1908-ல் புதுச்சேரிக்குச் சென்றதை நாம் அறிவோம்.

சட்டம் தலையிடாத இடத்திலும் வாய் அடைக்கப்படுவதுண்டு. 1921 நவம்பர் 12-ஆம் தேதி ஐதராபாத் விவேகவர்த்தினி அரங்கில் ஒரு சமூகச் சீர்திருத்த மாநாடு நடைபெற்றது. தலைமை வகித்தவர் பெண் கல்விக்காக உழைத்த கார்வே அவர்கள். ஆங்கிலத்திலும் உருதுவிலும் மராத்தியிலும் நிகழ்ந்த பேச்சுகளைச் சபையோர் அமைதியாகக் கேட்டனர். ஆலம்பல்லி வெங்கடராமராவ் என்பவர் எழுந்து தெலுங்கில் பேசத் தொடங்கியதும் கூச்சலும் நகைப்பும் எழுந்தன. சமஸ்தானத்தில் மிகப் பலர் பேசிய மொழி தெலுங்கே என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அவரைத் தடுத்தவர் போலீசாரும் அல்லர், நிஜாமின் அதிகாரிகளும் அல்லர்; சீர்திருத்தம் பேச வந்த கனவான்களே. அன்றிரவே தெலுங்கர் சிலர் கூடி ஆந்திர ஜன சங்கத்தை நிறுவினர். அது பின்னர் ஆந்திர மகாசபையாக வளர்ந்தது.

1938-ல் ஐதராபாத் ஸ்டேட் காங்கிரஸ் முறைப்படி அமைக்கப்படுவதற்கு முன்னரே தடை செய்யப்பட்டது. பிறவாத குழந்தைக்கு விலங்கு பூட்டியது போன்ற விந்தை இது. அதே ஆண்டின் இறுதியில் வந்தே மாதரம் பாடிய குற்றத்துக்காக உஸ்மானியா பல்கலைக்கழக மாணவர் பலர் நீக்கப்பட்டனர். அவர்களுள் பலரை நாகபுரிப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. அப்படிச் சென்றவர்களுள் ஒருவரான பி.வி. நரசிம்மராவ் 1991-ல் நாட்டின் பிரதமரானார். ஆனால் படிப்பு பாழாகிப் பெயரும் மறைந்தோர் எத்தனை பேரோ!

இவை யாவற்றிலும் நம் நெஞ்சைவிட்டு நீங்காத வரலாறு ஷோயபுல்லா கான் என்னும் இளைஞருடையது. உஸ்மானியாவில் பட்டம் பெற்ற அவர் எளிதில் அரசாங்க உத்தியோகம் தேடிக்கொண்டிருக்கலாம். பத்திரிகைத் தொழிலையே மேற்கொண்டார். அவர் பணியாற்றிய 'தேஜ்' என்னும் பத்திரிகை நிறுத்தப்பட்டது. அடுத்து, மந்துமுல நரசிங்கராவ் நடத்திய 'ரய்யத்' பத்திரிகையில் சேர்ந்தார். அதற்கும் அந்தக் கதியே நேர்ந்தது. பின்னர் 1947 நவம்பரில் தாமே ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் 'இம்ரோஸ்'. 'இன்று' என்பது பொருள்.

அப்பொழுது சமஸ்தானம் இந்தியாவுடன் சேருவதா, தனித்து நிற்பதா என்ற கேள்வி எல்லோர் வாயிலும் இருந்தது. வாயில் இருந்ததேயன்றி வெளிவரவில்லை. காசிம் ரஜ்வியின் தலைமையிலிருந்த ரஜாக்கர் தொண்டர் படை கிராமங்களை நடுங்கச் செய்துகொண்டிருந்தது. இந்தியாவுடன் சேருவதே எல்லா மக்களுக்கும் நன்மை என்று ஷோயபுல்லா எழுதினார். ரஜாக்கர்களின் கொடுமைகளையும் மறையாது எழுதினார். 1948 ஆகஸ்டில் பரீத் மிர்சா, பாக்கர் அலி மிர்சா முதலிய முஸ்லிம் பிரமுகர் எழுவர் இதே கருத்தை வற்புறுத்தி ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். 'இம்ரோஸ்' அதை வெளியிட்டது. எதிர்த்து உயரும் கைகள் துண்டிக்கப்படும் என்ற பயமுறுத்தல் மேடையிலிருந்தே எழுந்தது.

ஆகஸ்ட் 21-ஆம் தேதி நள்ளிரவையொட்டிப் பத்திரிகை வேலையை முடித்துவிட்டு, காச்சிகுடா அலுவலகத்திலிருந்து மைத்துனருடன் வீடு திரும்பிக்கொண்டிருந்தார் ஷோயபுல்லா. வழிமறித்தவர்கள் அவரைச் சுட்டதோடு அமையாது கையையும் வெட்டினர். உடன் வந்த மைத்துனரும் வெட்டுண்டார். 22-ஆம் தேதி விடியற்காலையில் ஷோயபுல்லாவின் உயிர் பிரிந்தது. அப்பொழுது அவருக்கு வயது 27. நம்மவர்க்குக் காச்சிகுடா என்றால் ஊருக்குப் போகும் ரயில் நிலையம் என்பதே நினைவு. மூட்டை முடிச்சுகளுடன் அங்கே காத்திருக்கும்போது இந்த வரலாற்றை நினைப்பவர் சிலரே.

இந்தியாவுடன் சேர வேண்டும் என்று காங்கிரஸ்காரர்களும் பிறரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தனர். அவ்வாறிருக்க இந்த ஒரு சிறு பத்திரிகையின் மேல் ஏன் இத்தனை சினம்? எதிரியின் பேச்சை எதிரியின் பேச்சென்று தள்ளிவிடலாம். நம்மவன் என்று எண்ணியிருந்தவன், நம் மொழியிலேயே, நம் மதத்திலேயே நின்று மறுத்துப் பேசினால் அவ்வாறு தள்ள முடியாது. 'எல்லோரும் நம் பக்கமே' என்ற பொய் அப்பொழுதுதான் உடைகிறது. தம் கருத்து சிறுபான்மையோர் கருத்து என்று நினைப்பவர் வாய்மூடுகின்றனர். அவர்கள் வாய்மூடுவதால் அக்கருத்து மேலும் சிறுத்துத் தோன்றுகிறது என்று ஜெர்மானிய ஆராய்ச்சியாளரான எலிசபெத் நோல்-நாய்மன் 1974-ல் விளக்கினார். ஒரே ஒருவர் பேசினாலும் இந்தச் சுழல் தடைப்படும் என்பதை ரஜாக்கர்கள் எந்த நூலையும் படிக்காமலே உணர்ந்திருந்தனர்.

செப்டம்பர் 13-ல் இந்தியப் படை புகுந்தது. 17-ல் நிஜாமின் அரசு பணிந்தது. கதை இங்கே முடிந்தால் நமக்கும் நிம்மதியாகவே இருக்கும். ஆனால் முடியவில்லை. போலீஸ் நடவடிக்கை என்று பெயர் பெற்ற அந்நிகழ்ச்சியின்போதும் அதன் பின்னரும் பல மாவட்டங்களில் முஸ்லிம் குடிமக்கள் கொல்லப்பட்டனர். இதை விசாரிக்கப் பிரதமர் நேருவின் விருப்பப்படி பண்டித சுந்தர்லால், காஜி அப்துல் கபார் முதலியோர் அனுப்பப்பட்டனர். காஜி அவர்களும் ஐதராபாத்தில் 'பயாம்' என்ற உருதுப் பத்திரிகையை நடத்தியவரே. சமஸ்தானத்தின் 16 மாவட்டங்களுள் 9-ஐ அவர்கள் சுற்றிப் பார்த்தனர். உயிரிழந்தோர் தொகை 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று கணித்தனர். அந்த அறிக்கையை அரசாங்கம் வெளியிடவில்லை. பல பத்தாண்டுகள் அது மறைவாகவே கிடந்தது. ஷோயபுல்லாவுக்காகக் கண்ணீர் விட்டவர்களில் பெரும்பாலோரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்தக் கிராமங்களின் துயரைச் சொன்னால் ரஜாக்கர் பக்கம் பேசுவதாகும் என்ற அச்சம் அப்பொழுது எழுந்தது. முன்பு ரஜாக்கரைக் கண்டித்தால் துரோகி. பின்பு கொலைகளைச் சொன்னால் துரோகி. பூட்டு அதுவே, சாவி மட்டும் கைமாறியது.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 17 வரும்போது அந்நாளுக்கு என்ன பெயரிடுவது என்ற வாதம் இந்நகரில் எழுகிறது. 2022-ல் மத்திய அரசு அதை விடுதலை நாள் என்று கொண்டாடியது. மாநில அரசு தேசிய ஒருமைப்பாட்டு நாள் என்றது. தேநீர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் அன்று இதே பேச்சு. பக்கத்து மேசைக்காரர் நம் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பார். தெலுங்கு மக்கள் தமிழை அரவம் என்பார்கள். "நாங்கள் அரவக்காரர்கள், எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று சிரித்துவிட்டு, நாம் கோப்பையைக் கையில் எடுத்துக்கொள்கிறோம்.