கிலோ எடிட்டர் வீடு மாறின கதை

போன செப்டம்பர்ல ஒரு ப்ளேஸ்மெண்ட் இன்டர்வியூ. "கீபோர்டில் ஒரு எழுத்தை அழுத்தினால் அது திரைக்கு எப்படி வருகிறது?" என்று கேட்டார்கள். ஓஎஸ் பேப்பர்ல எனக்கு 'ஏ ப்ளஸ்'. இருந்தும் பேந்தப் பேந்த முழிச்சேன். வேலை கிடைக்கல. அந்தக் கேள்வி மட்டும் கூடவே ஹாஸ்டலுக்கு வந்துடுச்சு.

பதில் தேடி நான் செய்த வேலையைத்தான் இங்கே சொல்லப்போறேன். ஒரு ஓஎஸ்ஸுக்காக எழுதின எடிட்டரை இன்னொரு ஓஎஸ்ஸில் ஓட வைப்பது, அதாவது போர்ட்டிங். இது புது விளையாட்டு இல்லை. நாம பயன்படுத்துற விம் எடிட்டரோட கதையும் இதுதான். அடாரி எஸ்டி கணினிக்காக எழுதப்பட்ட ஸ்டீவி எடிட்டரை அடிப்படையா வச்சுதான் பிராம் மூலெனார் அமிகாவில் விம்மை உருவாக்கி 1991-ல் வெளியிட்டார். யூனிக்ஸுக்கு அது அப்புறம்தான் வந்தது.

பழைய வீடு, புது வீடு

நான் எடுத்துக்கிட்ட எடிட்டர் பெயர் கிலோ. ரெடிஸ் டேட்டாபேஸை உருவாக்கிய சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2016-ல் எழுதியது. சி மொழியில் ஆயிரம் வரிக்குள் அடங்கும், அதனாலதான் அந்தப் பெயர். புது வீடு எக்ஸ்வி6. எம்ஐடி-யில் ஓஎஸ் பாடம் நடத்துவதற்காகவே 2006-ல் எழுதின குட்டி ஓஎஸ். இப்போ ரிஸ்க்-ஃபைவ் பிராசஸருக்கான வடிவம் இருக்கு, லேப்டாப்பில் க்யூஎமு போட்டு ஓட்டலாம். லினக்ஸில் 300-க்கும் மேல் சிஸ்டம் கால்கள் இருக்கு. எக்ஸ்வி6-ல் மொத்தம் 21.

எந்த எடிட்டரா இருந்தாலும் ஓஎஸ்ஸிடம் முக்கியமா மூணு விஷயம்தான் கேட்கும்: கீ, திரை, ஃபைல். இதில் திரைதான் சுலபம். கிலோ எந்த லைப்ரரியையும் நம்பாமல், கர்சரை நகர்த்து, வரியை அழி என்ற எஸ்கேப் கோடுகளை நேரடியா எழுதி அனுப்பும். எக்ஸ்வி6 அதை அப்படியே என் டெர்மினலுக்குத் தள்ளிவிட்டது. திரையின் அளவைக் கேட்க சிஸ்டம் கால் இல்லை. அதுக்கும் வழி உண்டு. கர்சரை 999 கட்டம் வலப்பக்கமும் 999 வரி கீழேயும் போகச் சொல்லி, "இப்போ எங்கே நிக்கிற?" என்று டெர்மினலிடம் கேட்டால், மூலையின் இடத்தைச் சொல்லிடும். அதுதான் அளவு.

கீ கொடுத்த தலைவலி

நாம ஷெல்லில் தட்டும் எழுத்து உடனே ப்ரோகிராமுக்குப் போகாது. கெர்னல் அதைத் திரையில் காட்டி, ஒரு பஃபரில் சேர்த்து வைக்கும். பேக்ஸ்பேஸையும் அதுவே பார்த்துக்கும். என்டர் தட்டின பிறகுதான் முழு வரியும் ப்ரோகிராமுக்குப் போகும். ஷெல்லுக்கு இது வசதி. எடிட்டருக்கு ஆகவே ஆகாது, ஒவ்வொரு கீயும் அந்தக் கணமே வேணும். லினக்ஸில் டெர்மினலை ரா மோடுக்கு மாற்ற ஒரு லைப்ரரி ஃபங்ஷன் போதும். எக்ஸ்வி6-ல் அப்படி ஒரு மோடே கிடையாது.

அதனால 22-வது சிஸ்டம் காலை நானே சேர்த்தேன். கன்சோல் டிரைவரில் ஒரு ஃப்ளாக். அது ஆனில் இருந்தால், வந்த பைட்டைத் திரையில் காட்டாதே, பஃபரில் போட்டு, காத்திருக்கும் ப்ராசஸை உடனே எழுப்பு. அவ்வளவுதான். ஓட்டிப் பார்த்தா எழுத்தெல்லாம் வருது, என்டர் மட்டும் வேலை செய்யல! சி ஃபைலில் என்டர் தட்டினா நிறம் தலைகீழான ஒரு 'ஜே' எழுத்து வந்து நிக்குது. ரெண்டு ராத்திரி போச்சு. என்டர் கீ அனுப்புவது 13. எக்ஸ்வி6 கன்சோல் அதை 10-ஆ மாத்திடும். கிலோ 13-க்காகக் காத்திருக்கு, 10 வந்தா அது கண்ட்ரோல்-ஜே என்று நினைக்குது. ரா மோடில் அந்த மாற்றத்தையும் நிறுத்தினேன், சரியாச்சு.

எஸ்கேப் கீ இன்னொரு கதை. ஆரோ கீயும் எஸ்கேப் பைட்டில்தான் ஆரம்பிக்கும். பின்னாடி ஏதாவது வருதான்னு கிலோ 100 மில்லிசெகண்ட் பார்க்கும், வரலைன்னா அது வெறும் எஸ்கேப். எக்ஸ்வி6-ன் ரீட் காலுக்கு நேரக் கெடு தெரியாது, காத்துக்கிட்டே இருக்கும். தேடலை ரத்து செய்ய வேற கீ வச்சு இதைச் சமாளிச்சேன்.

சேவ் ஆச்சா, இல்லையா?

கடைசியா ஃபைல். சேவ் பண்ணும்போது கிலோ, ஃபைலின் நீளத்தைச் சரிசெய்து, ஒரே ரைட் காலில் முழுவதையும் எழுதும். நீளத்தை மாற்றும் கால் எக்ஸ்வி6-ல் இல்லை. திறக்கும்போதே ஃபைலைக் காலி செய்யும் வசதி மட்டும் உண்டு. அதையே வச்சுட்டேன். அப்புறம்தான் உறைச்சது: காலி செய்த பிறகு எழுதுவது பாதியில் நின்னா, பழசும் இல்லை, புதுசும் இல்லை. ஒரே ரைட் காலாக இருந்தாலும் எக்ஸ்வி6 அதை 3072 பைட் துண்டுகளாகப் பிரித்துத்தான் டிஸ்கில் பதிக்கும். 268 கிலோபைட்டைத் தாண்டினால் ஃபைலே ஏற்காது.

அதனால முறையை மாத்தினேன். முதலில் தற்காலிக ஃபைலில் முழுசா எழுது. எல்லா பைட்டும் போனதான்னு பார். அப்புறம்தான் பழைய பெயரை நீக்கி, அதே பெயரைப் புது ஃபைலுக்குக் கொடு. ரீநேம் கால் இல்லாததால் லிங்க், அன்லிங்க் ரெண்டையும் சேர்த்து அதைச் செய்யணும். நடுவில் கரண்ட் போனாலும் ஏதோ ஒரு பிரதி மிஞ்சும்.

இவ்வளவு கவனமா செய்துட்டு, ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி, சேவ் பண்ணி, பெருமையா ரூம்மேட்டுக்கும் காட்டினேன். அப்புறம் ஒரு சின்ன பிழையைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்தேன். குறிப்பு காணோம்! ப்ரோகிராம் மாறினால் மேக், டிஸ்க் இமேஜையே புதுசா உருவாக்கிடும். என் எடிட்டர் மேல தப்பே இல்லை. டிஸ்கே புதுசு.

செய்து பார்க்கணும்னு நினைக்கிற ஜூனியர்களுக்கு: எக்ஸ்வி6-ஐ இறக்கி, கன்சோல் டிரைவர் ஃபைலை முதலில் படிங்க. சின்ன ஃபைல்தான், ஒரு சாயங்காலம் போதும். டிஸ்க் இமேஜை மட்டும் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க.

அடுத்த இன்டர்வியூ வந்தது. அந்தக் கேள்வியை யாரும் கேட்கல. நானே ஆரம்பிச்சு இருபது நிமிஷம் பேசிட்டு வந்தேன். ரிசல்ட் இன்னும் வரல.