செவ்வாயில் ஓடிய ஆறுகள்

குகட்பள்ளியில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கிடையே இன்னும் எஞ்சி நிற்கும் கிரானைட் பாறைகளுக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் வயது. பாறை பழையது, அதைச் சுற்றியோடும் நீரின் தடம் அவ்வாறன்று. இப்பகுதியின் நீரை ஹுசேன் சாகருக்குக் கொண்டு செல்லும் குகட்பள்ளி நாலாவின் இயற்கையான கரை எது என்று கேட்டால், நம்முள் பலரால் சுட்டிக்காட்ட இயலாது. மழையும் காற்றும் மனிதரும் ஓயாமல் மாற்றும் புவியில் ஆற்றுத்தடம் நெடுங்காலம் நிலைப்பதில்லை.

அப்பாறைகளினும் மூத்த ஆற்றுப் பள்ளத்தாக்குகள் செவ்வாய்க் கோளில் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை 350 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. 1971 நவம்பரில் அக்கோளைச் சுற்றத் தொடங்கிய மாரினர் 9 விண்கலத்துக்கு முதலில் புலப்பட்டது புழுதிப்புயல் மட்டுமே. புழுதி அடங்கிய பின்னர், சிற்றோடைகள் கூடிப் பேராறாகும் வடிவம் நிலத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஒரு துளி நீரும் இல்லை.

வடிவமே இங்குச் சான்று. மரக்கிளைபோல் பிரியும் தடங்கள், மழையோ உருகிய பனியோ நெடுங்காலம் வழிந்தோடியதைக் காட்டுகின்றன. கிளைகளின்றி ஓரிடத்திலிருந்து திடீரெனத் தொடங்கும் அகன்ற தடங்களோ, நிலத்தடி நீர் வெடித்துக் கிளம்பிய பெருவெள்ளத்தின் வேலை. இவ்வகையைச் சேர்ந்த ஒன்றின் பெயர் நமக்கு அந்நியமானதன்று: மங்களா. பெரிய பள்ளத்தாக்குகளுக்குப் பல மொழிகளில் செவ்வாயைக் குறிக்கும் சொற்களையும், சிறியவற்றுக்குப் புவியின் ஆறுகளது பெயர்களையும் சூட்டுவது பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் வழக்கம். அதனால் அங்கே ஒரு சிந்துவும் உண்டு.

தடத்தைப் படிக்கும் இக்கலை நமக்கு அண்மையிலும் நடைபெறுகிறது. பாலாநகரிலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தடி நீர் கிடைக்கக்கூடிய இடங்களை வரைபடமாக்கித் தந்துள்ளது. மண்ணில் புதைந்த பழைய ஆற்றுப்படுகையை அறிந்தால், ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் தேடுவது எளிதாகும். கிணற்றுக்கெனக் கடன் கேட்டு வரும் உழவரைச் சந்திக்கும் நமக்கு இதன் அருமை நன்கு தெரியும்.

2012இல் கியூரியாசிட்டி ஊர்தி, கேல் பள்ளத்தில் உருண்டு மழுங்கிய கூழாங்கற்களைக் கண்டது. காவிரிப் படுகையில் கிடந்தால் எவரும் வியக்கமாட்டார். அங்கு ஓடிய நீர் கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழமிருக்கலாம் என அறிவியலாளர் கணித்தனர்.

அந்நீர் எங்கே போயிற்று? செவ்வாய் தன் காந்தப்புலத்தை இழந்தபின், சூரியக்காற்று அதன் வளிமண்டலத்தைச் சிறிது சிறிதாகக் கவர்ந்து சென்றது. வரவு நின்ற கணக்கில் பற்று மட்டும் தொடர்ந்ததுபோல எனலாம். இன்று அங்கே காற்றழுத்தம் புவியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆதலால் நீர் திரவமாக நிலைப்பதில்லை. எஞ்சியது துருவப் பனியிலும், நிலத்தடியிலும், கனிமங்களிலும் அடங்கியுள்ளது. இவ்விழப்பை ஆராய மேவன் கலமும், அவ்வளிமண்டலத்தையும் ஆராயும் கருவிகளோடு நமது மங்கள்யானும் 2014 செப்டம்பரில் சில நாள் இடைவெளியில் அங்குச் சென்றடைந்தன.

தீராத வழக்கு ஒன்றுண்டு. அக்காலச் சூரியன் இன்றையதைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஒளி குன்றியது. அக்குளிரில் மழை பெய்ததா, பனிப்பாறைகளின் அடியில் உருகிய நீரே ஓடியதா? 2021 பிப்ரவரியில் ஜெசிரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவியரன்ஸ், அங்கிருந்த பழைய ஆற்றின் கழிமுகத்தில் பாறைத்துண்டுகளைக் குடைந்தெடுத்துக் குழாய்களில் அடைத்துள்ளது. அக்குழாய்கள் இன்னும் செவ்வாயிலேயே இருக்கின்றன.