எஞ்சினுள் ஈரம் சேர்தல்

மாரிக் காலத்தில் இரு சில்லு உழவு இயந்திரத்தின் எண்ணெய் மூடியைத் திறக்கும் கமக்காரர் சிலர், அதன் உட்புறத்திற் பால்நிறப் பசை படிந்திருக்கக் கண்டு எஞ்சின் பழுதாயிற்றென அஞ்சுவர். எப்போதும் அவ்வாறன்று. எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகின்றது. அதிற் சிறிதளவு பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயுள்ள பகுதிக்குட் புகும். எஞ்சின் நன்கு சூடேறுமுன் நிறுத்தப்படின், அது குளிர்ந்த மூடியில் நீராய்ப் படிந்து எண்ணெயுடன் கலக்கும். வீட்டுக்கும் வயலுக்கும் மாத்திரம் ஓடும் இயந்திரத்தில் இது மிகுதி.

முதலில் எண்ணெய் அளவுகோலைப் பார்த்தல் வேண்டும். கோலில் எண்ணெய் வழக்கமான நிறத்தோடிருந்து மூடியில் மட்டும் பசை காணப்படின், அதனைத் துடைத்து, அரைமணி நேரமாயினும் சுமையுடன் ஓட்டினால் ஈரம் ஆவியாகிப்போம். நின்ற இடத்தில் வெறுமனே ஓடவிடுவதாற் பயன் குறைவு. ஐயமிருப்பின், சூடான தகட்டில் ஒரு துளி எண்ணெயைச் சற்று விலகி நின்று இடுக. நீர் கலந்திருப்பின் சடசடவென வெடிக்கும்.

கோலில் உள்ள எண்ணெயே பால்போலாகி, அதன் மட்டம் உயர்ந்து, றேடியேற்றர் நீரும் குறையுமாயின், சிலிண்டர்த் தலையின் கேஸ்கெற் பழுதுபட்டிருத்தல் கூடும். அந்நிலையில், எஞ்சிய மூலையை உழுது முடிப்போமென எஞ்சினை இயக்கலாகாது. நீர் கலந்த எண்ணெய் உராய்வைத் தடுக்காது. பெயரிங்குகள் தேய்ந்து, விதைப்புக் காலத்திலேயே இயந்திரம் நின்றுவிடும்.